சீட்டு விழுந்த மாதம்

அறுபத்து நாலாயிரம்.
தள்ளு போகக் கையில் வந்தது அவ்வளவு.
சத்துவாச்சாரி, மூன்றாம் பகுதி,
மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் கூடம்,
பத்துக்குப் பன்னிரண்டு.
அதில் ஒரு ஆம்ப், இரண்டு ஸ்பீக்கர்,
லாரி போனால் தட்டு நடுங்கும் ஒரு டர்ன்டேபிள்,
அப்புறம் மே மாதம்.

லாங் பஜார் மாடிக் கடையில் நிஜாமுதீன்
ஒயரை என் கையில் கொடுத்தார்
குட்டிப் பாம்பைக் கொடுப்பதுபோல.
"ஆம்ப் அப்படியே இருக்கட்டும் சார்.
ரத்தம் நல்லா இருந்து என்ன,
நரம்பு சரியில்லாட்டி?"
மீட்டர் இரண்டாயிரத்து நூறு.
நரம்பு என்ற அந்த ஒரு சொல்லுக்கே
ஐந்து மீட்டர் வெட்டச் சொல்லியிருப்பேன்.
"ஒரு வாரம் வீட்ல வெச்சுக் கேளுங்க,
காசு அப்புறம்" என்றார்.
நல்ல மனுஷன். நல்ல வியாபாரி.
இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

புனிதவல்லி ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.
"கண்ணை மூடிக்கோ. மாத்தி மாத்திப் போடறேன்."
ஏழு முறை.
ஏழு முறையும் சொன்னேன்.
இது பழசு, வீணையில் சாம்பல் படிந்திருக்கிறது.
இது புதுசு, தந்திக்கு மேலே காற்று தெரிகிறது.
எழுந்து வந்து முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டாள்.
புது ஒயர் பாலிதீன் உறைக்குள்
ஒட்டுத்தாள் கிழியாமல் கிடந்தது.
அவள் சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

தொழிற்சாலையில் வருஷத்துக்கு ஒருமுறை
காது சோதிக்க வரும் கிரேஸ் மல்லிகா
வரைபடத்தைத் திருப்பிக் காட்டினாள்.
ஆறாயிரம் வரை ஒழுங்காக நடந்த கோடு
அதற்குப் பிறகு
சுவரிலிருந்து நழுவிய பல்லி.
நாற்பதாயிரம் வரை பாடும் என்று போட்டிருந்த ட்வீட்டரை
எதிர்வீட்டு நாய்க்கு விட்டுக்கொடுத்தேன்.
முப்பத்தெட்டாயிரம் மிச்சம்.
அன்று சம்பளம் வாங்கியவன்போல வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு மதியம் ஃபேனின் கண்டென்சர் போனது.
இறக்கைகள் சோம்பிச் சோம்பி நின்றன.
வீணைக்காரர் மூச்சு விடுவது கேட்டது.
மீட்டை மாற்றும் விரல் மரத்தைத் தொட்டது கேட்டது.
மிருதங்கக்காரர் யாரிடமோ
ம் என்றார்,
பதினோரு வருஷமாக இந்தத் தட்டில்
இவர் ம் என்றுகொண்டே இருந்திருக்கிறார்.
மூன்று நிமிஷம்.
அதற்குள் பனியன் முதுகோடு ஒட்டிவிட்டது,
வியர்வை இமையைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது.
வேலூரில் ஒருவன் ஃபேனை அணைத்துவிட்டுத்
தோடியை முழுதாகக் கேட்பதென்றால்
அவன் சன்னியாசி, அல்லது டிசம்பர்.

எனவே செலவுக் கணக்கு:
சத்தமில்லாத ஃபேன் ஒன்று, மூவாயிரத்து இருநூறு.
தேய்ந்த ஊசிக்குப் புது ஊசி, நாலாயிரத்துச் சொச்சம்.
டர்ன்டேபிளுக்கு அடியில் கடப்பைக்கல்,
சமையல்மேடை வெட்டியபோது மிஞ்சியதை
மேஸ்திரி சும்மா கொடுத்தார்.
ஒயரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது
நிஜாமுதீன் ஏன் என்று கேட்கவில்லை,
டீ சொன்னார்.
கண்ணாடிக் கதவுக்குள் அந்தப் பெரிய ஆம்ப்
நீல முள்ளை ஆட்டிக்கொண்டு நின்றது.
பார்த்தேன். மீண்டும் பார்த்தேன்.
பணம் வங்கியில் இருக்கிறது என்று
அவரிடம் எதற்குச் சொன்னேனோ.

புது ஃபேன் சுற்றிய முதல் இரவு
ட்யூப்லைட்டின் சோக் முனகுவது கேட்டது.
அணைத்தேன்.
இருட்டில், பைபாஸில் ஏர் ஹாரன்,
பாலாற்றுப் பாலத்தின் மேல் ஏதோ ரயில்.
அவற்றுக்கு என்னிடம் விலைப்பட்டியல் இல்லை.
அவை போன பின்னும் ஏதோ ஒன்று
வீணையின் அடியில் இழுத்துக்கொண்டே இருந்தது.
ஊசியா? எர்த்தா? மறுபடி ஒயரா?
எழுந்து ஒவ்வொரு பிளக்காகத் தொட்டுப் பார்த்தேன்.

சமையலறையில் சுவிட்ச் ஒன்று டக்கென்றது.
ஃப்ரிட்ஜ் ஒருமுறை உடம்பைக் குலுக்கி அடங்கியது.
"நாப்பது நிமிஷத்துல பால் கெட்டுப் போகாது" என்றாள்,
"தட்டை மொதல்லேர்ந்து போடு."